குடிலுக்கு வந்த காடு

டிசம்பர் பிறந்துவிட்டால் மெக்சிகோ சிட்டியின் ஹமைக்கா சந்தைக்குப் புதிதாக ஒரு சரக்கு வந்து இறங்குகிறது. ஆண்டு முழுக்கப் பூ விற்கும் சந்தை அது. டிசம்பரில் அந்தப் பூக்களோடு போட்டி போடுவது பாசி. காட்டுப் பாறையிலிருந்தும் மரத்தடியிலிருந்தும் பாளம் பாளமாகப் பெயர்த்து, மூட்டை கட்டிக் கொண்டுவந்த பச்சைப் பாசி. அடியில் மண் ஒட்டியிருக்கும். மேலே ஈரம் காய்ந்திருக்காது. பக்கத்திலேயே களிமண் இடையர்கள், ஆடுகள், ஒட்டகங்கள், குளத்துக்கு ஒரு துண்டுக் கண்ணாடி. குடில் கட்டத் தேவையான எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

மெக்சிகோவில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு 'நசிமியெந்தோ' என்று பெயர். டிசம்பர் 16-ஆம் தேதி தொடங்கும் ஒன்பது நாள் விழாவையொட்டி வீட்டுக் கூடத்தில் அது எழும்பிவிடும். 24-ஆம் தேதி இரவு வரை முன்னணை காலியாக இருக்கும். அதன் பிறகுதான் குழந்தை இயேசுவைக் கிடத்துவார்கள். ஜனவரி 6-இல் மூவரசர்கள் வந்து சேர்வார்கள். ஆண்டவரைக் காணிக்கையாக்கிய திருநாளான பிப்ரவரி 2-ஆம் தேதி, குழந்தைக்குப் புதுச்சட்டை போட்டுக் கோயிலுக்கு எடுத்துப்போவார்கள். வீட்டில் மக்காச்சோள மாவில் அவித்த தமாலே சாப்பாடு. பிறகுதான் குடிலைக் கலைப்பது. இந்த ஏழு வாரமும் மேடு, பள்ளம், புல்வெளி, ஆற்றங்கரை எல்லாமாக இருந்தது அந்தப் பாசிதான். கலைத்த மறுநாள் பெரும்பாலும் அது குப்பைவண்டியில் ஏறிவிடுகிறது.

அந்த ஏழு வார அழகுக்காகக் காட்டில் அது எத்தனை ஆண்டு வளர்ந்தது? இந்த ஒரு கேள்வி ஐரோப்பாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பல அரசுகளைச் சட்டம் எழுத வைத்திருக்கிறது.

பெத்லகேமில் இல்லாத பச்சை

நற்செய்தி நூல்களில் பாசி கிடையாது. லூக்கா சொல்வது தீவனத்தொட்டியையும் இடையர்களையும்தான். மாடும் கழுதையும்கூடப் பின்னால் வந்து சேர்ந்தவை. பெத்லகேம் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளின் ஊர். 1223-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், இத்தாலியின் கிரெச்சியோ மலைக்கிராமத்தில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் குடில் காட்சியை அமைத்தபோது அங்கே இருந்தவை வைக்கோல் நிரப்பிய தொட்டி, உயிருள்ள மாடு, கழுதை. பிரான்சிஸின் வரலாற்றை எழுதிய செலானோ தோமா, அந்த வைக்கோலைப் பத்திரப்படுத்தி, நோயுற்ற கால்நடைகளுக்கு ஊட்டிக் குணம் கண்டதாகக் குறிப்பிடுகிறார். அன்றைக்கு மகிமை முழுக்க வைக்கோலுக்குத்தான்.

குடில் கோயிலை விட்டு வீட்டுக்குள் நுழைந்து, உருவங்கள் விரலளவுக்குச் சுருங்கிய பிறகுதான் பாசிக்கு வேலை வந்தது. ஐரோப்பாவின் குளிர்காலத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். டிசம்பரில் மரங்கள் மொட்டை. புல் பழுப்பு. தோட்டத்தில் ஒரு பூ கிடையாது. இலையுதிர்ந்த மரங்களின் கீழே வெளிச்சமும் ஈரமும் சேர்ந்து கிடைப்பதால் பாசிக்கு மட்டும் அது செழிப்பான பருவம். காசு கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளை அனுப்பினால் கூடை நிறையக் கொண்டுவந்துவிடுவார்கள். போர்ச்சுகலில், கிறிஸ்துமஸுக்கு முன் காட்டுக்குப் பாசி எடுக்கப் போன நாட்களைப் பற்றிப் பேசாத பெரியவர்கள் குறைவு.

எல்லாவற்றையும்விட முக்கியம், அளவு. மூன்று அங்குல இடையன் பொம்மைக்குப் பக்கத்தில் நிஜப் புல்லை வைத்தால் அவன் மூங்கில் காட்டுக்குள் தொலைந்தவன்போல் ஆகிவிடுவான். பாசியை வைத்தால் மேய்ச்சல் நிலத்தில் நிற்பான்.

இந்தக் கலையை உச்சிக்குக் கொண்டுபோனது நேப்பிள்ஸ் நகரம். தக்கைமரப் பட்டையில் குன்று, அதன்மேல் பாசி, அதன்மேல் மீன்காரி, ரொட்டிக்காரர், சத்திரக்காரர் என்று 18-ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் தெருவே குடிலுக்குள் குடியேறியது. அங்கே சான் கிரெகோரியோ அர்மேனோ தெருவில் இன்றும் ஆண்டு முழுக்கக் குடில் சாமான் விற்கிறார்கள். நேப்பிள்ஸை ஆண்ட கார்லோஸ், 1759-இல் ஸ்பெயினின் அரசரானபோது இந்த மோகத்தையும் கூடவே மாட்ரிட் அரண்மனைக்கு எடுத்துப்போனார்.

பார்சிலோனாவில் கதீட்ரலுக்கு முன்னால் கூடும் சாந்தா லூசியா சந்தைக்கு 1786 முதல் வரலாறு இருக்கிறது. பாசியும் தக்கையும் உருவங்களும் அங்கே பரம்பரைச் சரக்கு. கூடவே ஒரு கில்லாடிப் பொம்மை: கால்சட்டையை இறக்கிவிட்டுக் குத்தவைத்திருக்கும் 'ககனேர்' என்ற குடியானவன். மண்ணுக்கு உரம் சேர்ப்பவன் அவன்; குடிலில் அவன் இல்லாவிட்டால் விளைச்சல் கெடும் என்பது கட்டலோனியாவின் பழைய நம்பிக்கை. பாலன் பிறந்த இடத்தில் இப்படியா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஓர் ஆறுதல், அவனை எப்போதும் ஒதுக்குப்புறமாக, மறைவில்தான் வைப்பார்கள்.

பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் குடில் வீட்டுக்குள் வந்த கதை வேறு. புரட்சிக் காலத்தில் தேவாலயங்கள் மூடப்பட்டபோது மக்கள் வீட்டிலேயே சிறு குடில் வைத்துக்கொண்டார்கள். மார்செய் நகரின் ழான்-லூயி லான்யெல் களிமண் அச்சில் மலிவான பொம்மைகள் செய்ய, 1803-இல் அவற்றுக்கென்று தனிச் சந்தையே தொடங்கியது. அந்தப் பொம்மைகளுக்கும் தரை பாசிதான்.

ஜெர்மனியின் ஃபோக்ட்லாந்து பகுதியிலோ பாசி ஆளாகவே எழுந்து நிற்கிறது. உடம்பெல்லாம் பாசி போர்த்த காட்டுக் குள்ளன் 'மோஸ்மான்'. இல்லாதப்பட்டவர்களுக்கு அவன் கொடுக்கும் இலைகள் வீட்டுக்குப் போனதும் பொன்னாகிவிடும் என்பது கதை. மெழுகுவத்தி ஏந்திய அவனுடைய மரப்பொம்மை அங்கே கிறிஸ்துமஸ் அலங்காரங்களில் ஒன்று.

வேரில்லாத செடி

இங்கே பேசுவது குளத்தில் மிதக்கும் பாசியைப் பற்றி அல்ல. மழைக்காலத்தில் வீட்டு மதில்மேல் பச்சையாகப் படர்கிறதே, அந்தக் குடும்பம். உலகில் ஏறத்தாழ 12,000 வகைகள் உண்டு. வேர் கிடையாது, பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டும். பெரும்பாலானவற்றின் இலை ஒரே ஒரு செல் தடிமன்தான். மழையோ பனியோ மூடுபனியோ, எது வந்தாலும் உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். சதுப்புநிலத்து ஸ்ஃபாக்னம் பாசி தன் காய்ந்த எடையைப்போல் சுமார் 20 மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கக் கூடியது. காய்ந்து சருகானாலும் பல வகைகள் சாவதில்லை. நீர் பட்டதும் சில நிமிடங்களில் பச்சை திரும்பும். அவ்வப்போது தண்ணீர் தெளித்தாலே குடில் வாரக்கணக்கில் வாடாமல் இருப்பது இதனால்தான்.

சங்கடம் வளர்ச்சியில் இருக்கிறது. பல வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் நீளும். பெயர்த்தெடுத்த இடம் பழையபடி மூடப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகலாம். அதுவரை அங்கே வெறும் மண். பெருமழை வந்தால் அந்த மண்ணும் போகும். மரவிதை விழுந்து முளைக்கும் ஈரப் படுக்கை போகும். பாசிக்குள்ளேயே குடியிருக்கும் நுண்ணுயிர்கள், பூச்சிகள், 1773-இல் ஜெர்மன் பாதிரியார் கோட்ஸெ முதன்முதலாக விவரித்த, அரை மில்லிமீட்டர் அளவுள்ள நீர்க்கரடிகள் எல்லாம் மூட்டைக்குள் சேர்ந்து சந்தைக்கு வந்துவிடும்.

மலைக்கு எடுத்த விழா

பிரான்சிஸ்கன் துறவிகள் 16-ஆம் நூற்றாண்டில் குடில் வழக்கத்தை மெக்சிகோவுக்குக் கொண்டுவந்தபோது, வீட்டுக்குள் மலை கட்டுவது அந்த மக்களுக்குப் புதிதல்ல. மழை மலையில் பிறக்கிறது, மழைத் தெய்வங்கள் மலையில் குடியிருக்கின்றன என்று நம்பியவர்கள் ஆஸ்டெக்குகள். 'தெபெயில்வித்ல்' என்ற மலைத் திருவிழாவில், கீரை விதை மாவைப் பிசைந்து மலையுருவங்கள் செய்து வீடுகளில் வைத்துப் படைத்தார்கள். சகாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவியே அதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அந்த மாதத்துக்கு இன்னொரு பெயர் 'உவெய் பச்த்லி'. பச்த்லி என்பது மரக்கிளைகளில் சாம்பல் நிறத் தாடியாகத் தொங்கும் ஒரு செடி. அதே செடி இன்று 'பாஷ்த்லே' என்ற பெயரில் மெக்சிகோவின் குடில்களில் கூரைக்கும் மரங்களுக்கும் தோரணமாகிறது.

ஆங்கிலேயர் அதை ஸ்பானியப் பாசி என்பார்கள். பாசிக்கும் அதற்கும் உறவே இல்லை. அது பூப்பூக்கும் செடி, அன்னாசியின் குடும்பம்.

மலைக்குத் திரும்புவோம். மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில் சியர்ரா சிங்குவா என்ற மலைப்பகுதி இருக்கிறது. கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கோடிக்கணக்கில் பறந்துவரும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் நவம்பர் முதல் மார்ச் வரை அங்குள்ள ஓயமேல் என்ற ஊசியிலை மரங்களில் அடை அடையாகத் தங்கும். அந்தப் பகுதி 2008 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். கிறிஸ்துமஸுக்கான பாசி அறுவடை நடக்கும் காடுகளில் அதுவும் ஒன்று. 2001-இல் பாசியியல் ஆய்விதழ் ஒன்றில், அந்த அறுவடையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்த கட்டுரை வெளியாகியிருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகள் குளிரில் உறையாமலும் காய்ந்து போகாமலும் தப்பிப்பது காட்டின் உள்ளே நிலவும் மிதமான குளிரையும் ஈரத்தையும் நம்பித்தான். அந்த ஈரத்தில் தரையில் கிடக்கும் பாசிக்கும் பங்கு உண்டு. மெக்சிகோவின் மலைக்காடுகளில் நுரையீரலே இல்லாத, தோலால் மூச்சுவிடும் சலமாண்டர்களும் வாழ்கின்றன. தோல் காய்ந்தால் அவற்றுக்கு மூச்சு நின்றுவிடும்.

மெக்சிகோ அரசு பாசியைத் தடை செய்யவில்லை. 1996-இல் பாசிக்கும் பாஷ்த்லேக்கும், காய்ந்தால் உருண்டு நீர் பட்டால் விரியும் 'தொராதிய்யா' செடிக்கும் சேர்த்து ஓர் அதிகாரபூர்வ விதிமுறை வகுத்தது. யார் எடுக்கலாம், எப்படி எடுக்க வேண்டும், லாரியில் ஏற்றும்போது என்ன காகிதம் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. டிசம்பரில் சுற்றுச்சூழல் காவல் அமைப்பான 'ப்ரொஃபெபா' சோதனைக்குக் கிளம்பும்.

பொகோட்டாவின் குடிநீர்

கொலம்பியாவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒவ்வொரு மாலையும் குடும்பம், அக்கம்பக்கம், அலுவலகம் என்று எல்லோரும் குடிலுக்கு முன்னால் கூடி நவநாள் செபம் சொல்கிறார்கள். கீட்டோ நகரின் பிரான்சிஸ்கன் துறவி பெர்னாந்தோ தெ ஹெசூஸ் லார்ரெயா 18-ஆம் நூற்றாண்டில் எழுதியது அந்தச் செபம். குடில் இல்லாமல் நவநாள் இல்லை. ஒரு காலத்தில் பாசி இல்லாமல் குடிலும் இல்லை.

அந்தப் பாசி ஆண்டிஸ் மலையின் மேகக் காடுகளிலிருந்தும், அவற்றுக்கும் மேலே 3,000 மீட்டர் உயரத்தை ஒட்டித் தொடங்கும் 'பாராமோ' வெளிகளிலிருந்தும் வந்தது. உலகின் பாராமோ நிலத்தில் ஏறக்குறைய பாதி கொலம்பியாவில்தான் இருக்கிறது. மேகம் தரையைத் தொட்டுப் போகும் இடம் அது. பாசியும், 'ஃப்ரைலெஹோன்' என்ற பஞ்சிலைச் செடிகளும், கரி நிறைந்த மண்ணும் சேர்ந்து அந்த மேகத்தைப் பிடித்து, பிழிந்து, மெதுவாக ஓடைக்கு விடுகின்றன. தலைநகர் பொகோட்டாவின் குடிநீரில் சுமார் 70 விழுக்காடு சிங்காசா என்ற ஒரே பாராமோ பகுதியிலிருந்து வருகிறது.

1977-இல் கொலம்பியா துணிந்து ஒரு முடிவெடுத்தது. இயற்கை வளத்துறையின் 213-ஆம் எண் தீர்மானம், பாசியையும் மரப்பாசிகளையும் ஆர்க்கிட் போன்ற தொற்றுச் செடிகளையும் காட்டிலிருந்து எடுப்பதையும் விற்பதையும் நாடு முழுக்கத் தடை செய்தது. சிங்காசா தேசியப் பூங்காவானதும் அதே ஆண்டில்தான். அரை நூற்றாண்டு நெருங்கியும் டிசம்பர்தோறும் பறிமுதல் செய்திகள் நிற்கவில்லை. 2024 ஏப்ரலில் சிங்காசா நீர்த்தேக்கங்கள் வற்றிப்போய், பொகோட்டாவில் ஓராண்டு காலம் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். காரணம் மழை பொய்த்தது, குடில்கள் அல்ல. ஆனால் பாராமோவின் தரை என்ன வேலை பார்க்கிறது என்பதை அந்த ஓராண்டு பொகோட்டாக்காரர்களுக்கு எந்தப் பிரசாரத்தையும்விட நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கும்.

ஐரோப்பாவும் சும்மா இருக்கவில்லை. 1992-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாழிட நெறியாணையின் ஐந்தாம் இணைப்பில், வெண்மெத்தைப் பாசி என்று சொல்லத்தக்க லியூகோப்ரியமும் ஸ்ஃபாக்னம் வகைகளும் இருக்கின்றன. அவற்றை எடுப்பதை அரசுகள் கட்டுக்குள் வைக்கலாம். ஸ்பெயினின் சிவில் காவல்படையில் 1988 முதல் இயங்கும் 'செப்ரோனா' இயற்கைக் காவல் பிரிவுக்குப் பாசி மூட்டைகளும் கவனிக்க வேண்டிய சரக்கு. காட்டில் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம் என்ற பொது உரிமை உள்ள பின்லாந்திலும் ஸ்வீடனிலும்கூடப் பாசிக்கு நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும்.

தடையா, கட்டுப்பாடா?

மூட்டையைச் சுமந்து சந்தைக்கு வருபவர் கடத்தல் முதலாளி அல்ல. பெரும்பாலும் மலைக்கிராமத்துக் குடியானவர். டிசம்பரில் கையில் நாலு காசு பார்க்க அவருக்கு வேறு வழி குறைவு. பறிமுதல் செய்த பாசி திரும்பப் பாறையில் ஒட்டிக்கொள்ளப் போவதுமில்லை. அவருடைய ஒரு மாத வருமானம்தான் போகும். அந்த வகையில் மெக்சிகோவின் வழி நியாயமானது: ஊர்ப் பொதுக்காட்டுக்கு அனுமதி, அளவு, காகிதம். ஆனால் காகிதம் இருக்கிறதா என்று வாங்குகிறவர் கேட்டால்தான் அந்த விதிக்கு உயிர் வரும். பண்டிகைக் கூட்டத்தில் பேரம் பேசிக்கொண்டிருப்பவர் அதைக் கேட்பதில்லை. பாராமோ போன்ற இடத்தில் தடையைத் தவிர வேறு எதுவும் எடுபடாது. ஒரு நகரத்தின் தண்ணீர்த் தொட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு அளவு பேச முடியாது.

மாற்று என்ன? கொலம்பிய அதிகாரிகள் சாயமேற்றிய மரத்தூள், கசக்கி வண்ணம் பூசிய காகிதம், சணல் ஆகியவற்றைச் சொல்கிறார்கள். மூன்றும் நல்லவை, மத்திய அமெரிக்கக் குடில்களில் வண்ண மரத்தூள் ஏற்கெனவே பழகிய பொருள். கடைகளில் குவியும் பிளாஸ்டிக் புல் மட்டும் வேண்டாம். காட்டைக் காப்பாற்றுகிறேன் என்று கடலில் குப்பை சேர்க்கிற வேலை அது.

வழிபாட்டில் கைவைத்தால் மக்கள் ஒத்துக்கொள்வார்களா என்ற தயக்கத்துக்கும் கொலம்பியாவிலேயே பதில் இருக்கிறது. அங்கே குருத்தோலை ஞாயிறுக்கு மெழுகுப் பனையின் குருத்தை வெட்டுவது வழக்கமாக இருந்தது. மஞ்சள்காதுக் கிளி கூடு கட்டுவது அந்தப் பனையில். 1985-இல் மெழுகுப் பனை தேசிய மரமாகிச் சட்டப் பாதுகாப்பும் பெற்றது, வெட்டு நிற்கவில்லை. அழிந்தே போயிற்று என்று பலர் நினைத்த அந்தக் கிளியில் 81 மட்டும் 1999-இல் தொலிமா மலைகளில் கண்ணில் பட்டன. பறவை ஆர்வலர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள், கத்தோலிக்கத் திருச்சபையும் கைகொடுத்தது, பவனியில் வேறு ஓலைகள் ஏறின. கிளிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பவனியும் நின்றுபோகவில்லை.

பாசிக்கு மாற்றாக அரசு எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கக்கூட வேண்டாம். குடில் மரபுக்குள்ளேயே அது இருக்கிறது. புரோவான்ஸில் டிசம்பர் 4, புனித பார்பரா திருநாளன்று மூன்று சிறு தட்டுகளில் கோதுமையை நனைத்து முளைக்க வைப்பார்கள். நேராக, செழிப்பாக வளர்ந்தால் வரும் ஆண்டு நல்ல விளைச்சல் என்று பொருள். கிறிஸ்துமஸ் அன்று அது சாப்பாட்டு மேசையில் இருக்கும். பிறகு குடிலுக்குப் போகும். போர்ச்சுகலின் அல்கார்வ், மதெய்ரா பகுதிக் குடில்களில் முளைவிட்ட கோதுமைத் தட்டுகளும் ஆரஞ்சுப் பழங்களும் படியேறி நிற்கும். நம்மூர் அம்மன் கோயில் முளைப்பாரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தமிழ்நாட்டில் வைக்கோலும் ஓலையும் கொண்டு குடில் கட்டும் வீடுகள் பலவற்றில் கேழ்வரகையோ கம்பையோ முளைக்கவைத்துப் பச்சை காட்டுவதும் இந்த வகைதான்.

மலைப்பக்கம் போகிறவர்கள் பாறைப் பாசியைப் பாறைக்கே விட்டுவிடுங்கள். இந்த ஆண்டு குடில் வைப்பதாக இருந்தால், டிசம்பர் 14, 15 வாக்கில் அகலத் தட்டில் இரண்டு விரல் கனத்துக்கு மண்ணோ தென்னைநார்க் கழிவோ பரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, மேலே லேசாக மண் மூடி, தினம் இருவேளை தண்ணீர் தெளித்து வாருங்கள். 24-ஆம் தேதிக்குள் விரலுயரம் வந்துவிடும். இடையன் கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தால் கத்தரிக்கோலால் நுனியை வெட்டிக்கொள்ளலாம். ஜனவரியில் குடிலைக் கலைக்கும்போது தட்டை அப்படியே எடுத்துப்போய் மாட்டுக்கோ ஆட்டுக்கோ போட்டுவிடுங்கள்.